சிறைக் கதவுகளைத் திறந்த காவல் அதிகாரி

எல்லைப் பாதுகாப்புப் படையை 1965-இல் அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றுக் கட்டியெழுப்பியவர் கே.எஃப். ருஸ்தம்ஜி. நாகபுரி அருகே காம்ப்டியில் 1916-இல் பார்சி குடும்பத்தில் பிறந்த அவர், 1938-இல் காவல் பணியில் சேர்ந்தார். 1952 முதல் 6 ஆண்டுகள் பிரதமர் நேருவின் பாதுகாப்பைக் கவனித்தார். பின்னர் மத்தியப் பிரதேசக் காவல்துறைத் தலைவராகச் சம்பல் கொள்ளையரை ஒடுக்கினார்.

ஓய்வுக்குப் பின் தேசிய காவல் ஆணைய உறுப்பினரானார். பிகார் சிறைகளில், குற்றத்துக்குரிய தண்டனைக் காலத்தையும் தாண்டி விசாரணையின்றி அடைபட்டுக் கிடந்தோரின் நிலையை 1979 ஜனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளேட்டில் எழுதினார். அதனடிப்படையில் வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி தொடுத்ததே ஹுசைனாரா காத்தூன் வழக்கு. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஆயிரக்கணக்கானோர் விடுதலையாயினர்.

1991-இல் பத்ம விபூஷண் பெற்ற ருஸ்தம்ஜி, 2003-இல் மறைந்தார். இந்தியச் சிறைகளில் இன்றும் பெரும்பான்மையினர் விசாரணைக் கைதிகளே.