ஸாலிம் அலி காட்டிய வழி

கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்து வனத்துறை வளாகத்தில், காஸ் என்ற வெள்ளைக்கார வன அதிகாரியின் பெயரைத் தாங்கிய பொருட்காட்சிச் சாலை ஒன்று 1902-ம் ஆண்டில் ஏற்பட்டது. நமது மலைகளின் மரவகைகளும், பதம் செய்த விலங்குகளும், எலும்புகளும் அங்கே சேகரித்து வைக்கப்பட்டன. அந்நகருக்கு வடமேற்கே, ஆனைகட்டி மலையடிவாரத்தில், 1990-ம் ஆண்டில் பறவையியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அதற்கு இடப்பட்ட பெயர் ஸாலிம் அலி என்ற இந்தியரின் பெயர். இவ்விரு பெயர்களுக்கும் இடையே நம் நாட்டு அறிவின் சரித்திரம் ஒன்று அடங்கியிருக்கிறது. கொங்கு நாட்டு உபாத்தியாயர்களும் பொதுநலத் தொண்டர்களும் அதனை அறிந்திருத்தல் நலம்.

ஸாலிம் அலி 1896-ம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார். குடும்பத்தின் பத்தாவது குழந்தை. ஒரு வயதில் தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜி அவரை வளர்த்தார். தயாப்ஜி குடும்பம் தேசபக்தர்களுக்குப் புதிதன்று. 1887-ம் ஆண்டில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த பத்ருத்தீன் தயாப்ஜி அக்குடும்பத்தவரே. 1930-ம் ஆண்டில் காந்தியடிகள் சிறைப்பட்டதும் உப்புச் சத்தியாக்கிரகத்தின் தலைமையை ஏற்றுத் தாமும் சிறை புகுந்த முதியவர் அப்பாஸ் தயாப்ஜியும் அக்குடும்பத்தவரே.

சிறு வயதில் ஸாலிம் அலி பொம்மைத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக் குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் தீற்றியிருந்தது. அது என்ன குருவி என்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. மாமன் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். அச்சங்கத்தின் காரியதரிசி மில்லார்டு என்ற ஆங்கிலேயர். அவர் சிறுவனைத் துரத்திவிடவில்லை. குருவியின் இனத்தைச் சொன்னார். அலமாரிகளைத் திறந்து, வைக்கோல் அடைத்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தனுப்பினார். இந்நாட்டின் தலைசிறந்த பறவை அறிஞர் அன்று அந்த அலமாரிகளின் முன்னேதான் உருவாகத் தொடங்கினார். அலமாரிகள் எக்காலமும் அங்கேயே இருந்தன. அன்று அவற்றைத் திறந்து காட்ட ஒருவர் இருந்தார் என்பதே விசேஷம்.

பின்னர் அவர் பர்மாவில் குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலிலும் மரத் தொழிலிலும் சில ஆண்டுகள் உழன்றார். பம்பாய் திரும்பி விலங்கியல் பயின்றார். ஆயினும் பல்கலைக்கழகப் பட்டம் பெறாமையால் சர்க்காரின் விலங்கியல் ஆய்வு இலாகாவில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1926-ம் ஆண்டில், பம்பாய் வேல்ஸ் இளவரசர் பொருட்காட்சிச் சாலையில் புதிதாகத் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்றுப் பகுதிக்கு அவர் விளக்கவுரையாளராக நியமிக்கப்பட்டார். மாதச் சம்பளம் 350 ரூபாய். கண்ணாடிப் பெட்டிகளின் முன் நின்று, காண வருவோர்க்கு அவற்றின் உட்பொருளை எடுத்துரைப்பதே அவர் கடமை. மில்லார்டு தமக்குச் செய்ததை நாட்டுக்குச் செய்யும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

தமது அறிவு இப்பணிக்குப் போதாது என்று உணர்ந்த அவர், 1928-ம் ஆண்டில் விடுமுறை பெற்று ஜெர்மனி சென்றார். பெர்லின் பொருட்காட்சிச் சாலையில் ஸ்ட்ரெஸ்மன் என்ற பேரறிஞரிடம் பயின்றார். 1930-ம் ஆண்டில் தாயகம் திரும்பியபோது அவருடைய பதவியே ஒழிக்கப்பட்டிருந்தது. பணமில்லை என்பது காரணம். பெட்டிகளுக்கும் கண்ணாடிகளுக்கும் கிடைத்த பணம், அவற்றைப் பேசவைக்கும் மனிதனுக்கு மட்டும் கிடைக்கவில்லை! சிக்கனக் கத்தி முதலில் ஆசிரியன் கழுத்தில் விழுவது அன்றும் இன்றும் ஒன்றே.

பதவி இழந்தவர் சோர்ந்துவிடவில்லை. பம்பாய்க்கு அருகே கடலோரத்திலுள்ள கிஹிம் என்ற சிற்றூரில் மனைவி தெஹ்மினாவுடன் தங்கி, தூக்கணாங் குருவிகளைக் கவனிக்கலானார். பனையிலும், கிணற்றின் மேல் சாய்ந்த மரங்களிலும் அக்கூடுகள் தொங்குவதைக் கொங்கு நாட்டுக் குடியானவர் யாவரும் அறிவர். ஆனால் ஆண் குருவி கூட்டைப் பாதியளவு கட்டி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து பரிசோதித்து ஏற்றுக்கொண்ட பின்பே மீதியை முடிக்கிறது. பிறகு அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை எதிர்நோக்குகிறது. இவ்வுண்மைகளைப் பொறுமையுடன் உட்கார்ந்து கண்டு, முறையாக எழுதி, உலக அறிஞரின் மதிப்பைப் பெற்றார் ஸாலிம் அலி. அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை. கண்ணும் காலமும் போதுமாயிருந்தன.

அதன்பின் ஹைதராபாத் சமஸ்தானத்திலும், 1933-ம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களிலும் பறவைகளை ஆராய்ந்தார். இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1941-ம் ஆண்டில் வெளிவந்தது; சாமானியரும் பறவைகளை இனங்காண வழி செய்தது. நாடு விடுதலை பெற்றபின், ரிப்ளி என்ற அமெரிக்க அறிஞருடன் கூடி 10 பாகங்கள் கொண்ட பெருநூலை இயற்றினார். அமைதிப் பள்ளத்தாக்கின் காட்டைக் காக்க எழுந்த கிளர்ச்சிக்கும் அவருடைய குரல் துணைநின்றது. 1976-ம் ஆண்டில் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1985-ம் ஆண்டில் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டார். 1987-ம் ஆண்டில், தமது 90-வது வயதில் காலமானார்.

சிறை சென்றவர்களின் குடும்பத்தில் பிறந்தும் குருவிகளின் பின்னே சென்றவரைத் தேசத் தொண்டர் எனல் தகுமோ என்று சிலர் வினவக்கூடும். தகும் என்றே நாம் கூறுவோம். நமது காட்டில் என்ன இருக்கிறது என்பதை நாம் அந்நியரிடமே கேட்டறிந்து வந்த காலம் ஒன்று உண்டு. பறவை நமது, மரம் நமது. அவற்றைப் பற்றிய அறிவு மட்டும் பிறர் கையில். அந்த அறிவையும் சுதேசியாக்கியவர் ஸாலிம் அலி. கதர் நூற்றவரின் தொண்டுக்கு இது குறைந்ததன்று.

சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலையை நம் மக்கள் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கி வந்தனர். இது வெறும் பரிகாசமன்று. விளக்குவாரில்லாத பொருட்காட்சிச் சாலை செத்ததுதான். 1948-ம் ஆண்டில் அன்றைய மதுரை ஜில்லாவின் மேகமலைப் பகுதியில் பிடிக்கப்பட்ட வௌவால் ஒன்று, பம்பாய்ச் சங்கத்தின் சேகரிப்பில் பிழையான பெயருடன் நெடுங்காலம் கிடந்தது. 1972-ம் ஆண்டில்தான் அது உலகம் அறியாத புதிய இனம் என்று கண்டறியப்பட்டு, ஸாலிம் அலியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. பார்க்கும் கண் வரும்வரை பொருள் வாய் திறப்பதில்லை.

ஆகவே நாம் வேண்டுவது இது. பள்ளி மாணாக்கரை வரிசையாக உள்ளே அனுப்பி, அரை மணி நேரத்தில் வெளியே கொண்டுவருவது கல்வியாகாது. கைவிட்ட தூக்கணாங் கூடு ஒன்றைக் குழந்தையின் கையில் கொடுக்கவேண்டும். தேக்கையும் ஈட்டியையும் தூக்கிப் பார்த்து எடை உணரச் செய்யவேண்டும். உதிர்ந்த இறகையும் விதையையும் தொட்டறிய விடவேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதிவாய்ந்த ஒருவர் ஒவ்வொரு பொருட்காட்சிச் சாலையிலும் நிரந்தரமாக இருத்தல் வேண்டும். பணமுடை வரும்போது முதலில் நீக்கப்படும் பதவியாக அது இருத்தல் கூடாது. சர்க்காரும் நகரசபைகளும் கல்விச் செல்வர்களும் இதற்குப் பொறுப்பேற்கக் கடமைப்பட்டவர்கள்.

ஆனைகட்டியில் அவர் பெயரால் நிலையம் எழுப்பியது கோவைக்குப் பெருமையே. அவர் இழந்த பதவியை ஆர்.எஸ்.புரத்திலும் எழும்பூரிலும் ஏற்படுத்தி நிலைபெறச் செய்தால் அப்பெருமை பொருளுடையதாகும்.