பூச்சி உண்ணும் செடியும் டார்வினும்

ஆடு மாடுகள் புல்லை மேய்வதை நாள்தோறும் காண்கின்றோம். புழுக்கள் இலையை அரித்துத் தின்பதையும் அறிவோம். ஆனால், இலையே பூச்சியைப் பற்றி உண்ணும் என்று ஒருவர் கூறின் உடனே நம்புவோமா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கற்றோருள்ளும் பலர் அதனை நம்பவில்லை. அதற்குரிய சான்றுகளை ஒவ்வொன்றாகத் தேடித் தொகுத்தவர் சார்லஸ் டார்வின் என்னும் ஆங்கில அறிஞர் ஆவர்.

டார்வின் 1809 ஆம் ஆண்டு ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் வண்டுகளைத் தேடித் திரிவதே அவருக்குப் பேரின்பமாக இருந்தது. இருபத்திரண்டாம் வயதில் பீகிள் என்னும் கப்பலில் ஏறி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உலகைச் சுற்றி வந்தார். திரும்பிய சில ஆண்டுகளில் அவர் உடல்நலம் குன்றியது. 1842 முதல் கென்ட் பகுதியில் உள்ள டவுன் என்னும் சிற்றூரே அவர்தம் உறைவிடமாயிற்று. உயிரினங்களின் தோற்றம் பற்றி அவர் எழுதிய நூல் 1859 இல் வெளிவந்து, நாடெங்கும் பெரும் பூசலை எழுப்பியது.

அடுத்த ஆண்டு கோடைக்காலத்தில் அவர் சசெக்ஸ் பகுதியில் ஹார்ட்ஃபீல்ட் என்னும் ஊரில் இருந்த தம் மனைவியின் உறவினரிடம் சென்று தங்கினார். அங்கே, புதர் மண்டிய ஈரநிலத்தில் உலவியபோது, சிவந்த சிற்றிலைகளையுடைய ஒரு செடி அவர் கண்ணில் பட்டது. டிரோசிரா என்பது அதன் இனப்பெயர். நம் நாட்டில் வளரும் இவ்வினச் செடியை அழுகண்ணி என்று வழங்குதலும் உண்டு. பெயர் மிகப் பொருத்தமானதே. இலையின் மேல் உரோமம் போன்ற உணர்கொம்புகள் நிறைந்திருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் கண்ணீர்த்துளி போலப் பசைநீர் மின்னும்.

அவ்விலைகளில் எத்தனை பூச்சிகள் ஒட்டியிருந்தன! டார்வின் வியந்து நின்றுவிடவில்லை, எண்ணத் தொடங்கினார். தேர்ந்தெடுக்காமல் கைக்கு எட்டிய பன்னிரண்டு செடிகளைப் பறித்தார். நன்கு விரிந்த இலைகள் அவற்றில் 56 இருந்தன. அவற்றுள் 31 இலைகளில் இறந்த பூச்சிகளோ அவற்றின் எச்சங்களோ காணப்பட்டன. பெரிய இலை ஒன்றில் மட்டும் பதின்மூன்று பூச்சிகளின் எச்சங்கள் இருந்தன.

பலாப் பாலிலும் ஈ ஒட்டிக்கொள்கிறது. அதனால் பலாமரம் ஈயை உண்கிறது என்று கூறலாமா? ஒட்டுதல் வேறு, உண்ணுதல் வேறு. இவ்வேறுபாட்டை டார்வின் தெளிவாக உணர்ந்திருந்தார். ஆதலின் செடிகளை வீட்டிற்குக் கொணர்ந்து தட்டுகளில் வளர்த்தார். இலைகளின்மேல் இறைச்சித் துணுக்கு, அவித்த முட்டையின் வெண்கரு, கண்ணாடித் துகள், மயிர் முதலியவற்றை வைத்துப் பார்த்தார். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கும் நிறையாத மயிர்த்துணுக்கு பட்டாலும் உணர்கொம்பு வளைந்தது. மழைத்துளி விழுந்தாலோ அது அசையவில்லை. கண்ணாடியைப் பற்றிய இலை விரைவில் விரிந்தது. இறைச்சியைப் பற்றிய இலை நெடுநேரம் மூடியே இருந்தது.

வெண்கருத் துண்டுகளின் முனைகள் மழுங்கி, அவை சிறிது சிறிதாகக் கரைந்தன. அப்போது சுரந்த நீரில் புளிப்புத்தன்மை இருந்தது. காரம் சேர்த்து அதனைப் போக்கியதும் கரைதல் நின்றது. மீண்டும் அமிலம் சேர்த்ததும் தொடர்ந்தது. விலங்கின் இரைப்பையில் நிகழ்வதே இலையிலும் நிகழ்கிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? அவர் மனைவி எம்மா, கணவர் இச்செடியை விலங்கென்றே நிலைநாட்டிவிடுவார் போலும் என்று எழுதி நகைத்தார்.

நோயாளியான டார்வின் மலைகளிலும் சதுப்புகளிலும் நெடுந்தொலைவு அலைய இயலாதவர். எனவே பிறருடைய கண்களைக் கொண்டும் தேடினார். வட வேல்ஸ் பகுதியிலிருந்து அன்பர் ஒருவர் பிங்குவிகுலா என்னும் செடியின் 39 இலைகளை அனுப்பினார். அவற்றுள் 32 இலைகள் 142 பூச்சிகளைப் பிடித்திருந்தன. அமெரிக்காவில் வட, தென் கரோலினாப் பகுதிகளில் மட்டுமே இயற்கையாக வளரும் வீனஸ் பூச்சிப்பொறியை, அது வளரும் இடத்திற்குச் செல்லாமலே வீட்டில் ஆராய்ந்தார். கியூ தோட்டத்தின் தலைவரான ஹூக்கர் அவருடைய ஆருயிர் நண்பர். குடுவைச் செடியின் குடுவைநீரும் இரையைச் செரிக்கச் செய்கிறது என்று அவர் 1874 இல் அறிவித்தார்.

நீரில் வளரும் யூட்ரிகுலேரியா என்னும் பைச்செடியின் வகையில் மட்டும் டார்வின் பிழைபட்டார். சிற்றுயிர்கள் பையின் கதவைத் தலையால் முட்டித் தாமே நுழைகின்றன என அவர் கருதினார். நியூ ஜெர்சியில் வாழ்ந்த மேரி டிரீட் என்னும் அம்மையார் அச்செடியை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, இரை நொடிப்பொழுதில் உள்ளே மறைவதைக் கண்டார். பை நீரை வெளியேற்றி உள்ளழுத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. கதவு திறந்ததும் நீரோடு இரையும் உள்ளே இழுக்கப்படுகிறது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

ஹார்ட்ஃபீல்டில் அச்செடியைக் கண்டு பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1875 ஜூலையில், டார்வின் தம் நூலை வெளியிட்டார். இக்காலத்தாழ்வு நன்மையே பயந்தது என்பது அவர் கருத்து. எனினும் ஒரு குறை எஞ்சியது. செடி பூச்சியைச் செரிக்கிறது, சரி. அதனால் செடிக்கு நன்மை உண்டா? பூச்சி இல்லாமலும் அது உயிர் வாழ்கிறதே என்று சிலர் வினவினர்.

விடை தேடியவர் அவர் மகன் பிரான்சிஸ். தட்டுகளில் டிரோசிராச் செடிகளை வளர்த்து, ஒவ்வொரு தட்டின் நடுவிலும் தடுப்பு வைத்து, ஒரு பக்கத்துச் செடிகளுக்கு மட்டும் சிறுசிறு இறைச்சித் துணுக்குகளை ஊட்டினார். ஊட்டப்பெற்ற செடிகள் மற்றவற்றினும் இரு மடங்கிற்கு மேலான விதைகளை ஈன்றன. சதுப்பு மண்ணில் நைட்ரஜன் குறைவு. அக்குறையைப் பூச்சிகள் நிறைவு செய்கின்றன. இம்முடிவு 1878 இல் வெளிவந்தது. டார்வின் 1882 இல் இயற்கை எய்தினார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளையும் சேர்த்து, 1888 இல் நூலின் இரண்டாம் பதிப்பை வெளிக்கொணர்ந்தவரும் அம்மகனே.