இரட்டைமலை சீனிவாசனார்

மாமல்லபுரக் கடற்கரையையும் மதுராந்தகப் பேரேரியையும் தன்னகத்தே கொண்ட செங்கற்பட்டு நாட்டில், கோழியாளம் என்னுஞ் சிற்றூரிலே, 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தோன்றியவர் இரட்டைமலை சீனிவாசனார். ஊரார்க்கு உணவு விளைத்தும் ஊர்ப்புறத்தே ஒதுக்கப்பட்ட பறையர் குலமே அவர் குலம்.

கோயம்புத்தூரிற் கல்வி பயின்ற நாளில், தங்குலம் உடன் பயில்வார்க்குத் தெரியின் இழிவு நேருமென்று அஞ்சி, அவரோடு கூடி விளையாடாது விலகியே நின்றார். மணி அடித்த பின்னரே வகுப்பினுட் புகுந்து, பாடம் முடிந்தவுடன் விரைந்து வீடேகினார். ஒரு பெயர்ச்சொல் நன்மாணாக்கர் ஒருவரை இங்ஙனம் அஞ்சி ஒதுங்கச் செய்தது.

பின்னர் நீலகிரியிற் கணக்கராயிருந்து, 1890இற் சென்னை எய்தினார். அக்காலத்திற் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரமென்ஹீர் என்பார் பறையர்தம் நிலையை ஆராய்ந்து 1891இல் அறிக்கை விடுத்தார். அதன் பயனாக 1892இல் அவர்க்கு நிலம் வழங்கும் அரசாணை பிறந்தது. நிலவுரிமைக்கு வழி பிறந்தும், பெயர்பற்றிய நாணம் அகலவில்லை. கற்றுயர்ந்தோரும் குலப்பெயரை மறைத்தே வாழ்ந்தனர்.

இதனை ஓர்ந்த சீனிவாசனார், 1893 அக்டோபரில் தாம் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் சூட்டினார். தன் பெயரைச் சொல்ல அஞ்சுவான் தன் உரிமையைக் கேட்கவும் அஞ்சுவான் என்பது அவர் துணிபு. மறைத்தற்குரியதென்று கருதப்பட்ட சொல், 1900 வரை இதழின் முகப்பில் நின்றது. பழித்தற்கென வழங்கிய பெயராலேயே விண்ணப்பங்கள் எழுந்தன.

அதன்பின் கடல் கடந்து சென்று தென்னாப்பிரிக்காவிற் பணிபுரிந்து, 1921இல் மீண்டார். 1923இற் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராயினார். பொதுத்தெருவும் கிணறும் குளமும் எல்லார்க்கும் உரியனவாதல் வேண்டுமென்று 1924இல் அவர் கொணர்ந்த தீர்மானம் அம்மன்றத்தில் நிறைவேறியது. 1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் அமர்ந்து தம் மக்கட்காக வாதாடினார். 1945 செப்டம்பரில் மறைந்தார். ஆலயப் பிரவேசச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது.

திருநாளைப்போவாரை அறுபத்துமூவருள் வைத்துப் பூசித்த சைவவுலகம், அவர்போற் பிறந்தாரை நெடுங்காலம் கோபுரத்திற்குப் புறத்தே நிறுத்தியது. கண்ணிற் படலம் படர்ந்தான் விளக்கில் மாசுண்டென்பான். விளக்கைத் துலக்குதலால் அவன் குறை தீராது. பெயரிலே மாசில்லை என்பதைச் சீனிவாசனார் அப்பெயரை உயர்த்திப் பிடித்தே காட்டினார். சட்டம் திறந்தது கோயிற்கதவை. காண்பார் கண்ணிற் படலத்தை உரித்தல் அவரவர் கடன். அடியாரைக் குலம்வினவாது வணங்கும் நெறியினர்க்கு அக்கடன் இருமடங்காம்.