இரவிவர்மாவும் இளவலும்

நம் இளமைக் காலத்தில் வீட்டுத் தாழ்வாரங்களிலும் கடைகளிலும் கண்ணாடிச் சட்டமிட்ட படங்கள் தொங்கும். நீர்நிலையின் நடுவே தாமரை மேல் நிற்கும் இலக்குமி, பாறைமீதமர்ந்து வீணை மீட்டும் கலைமகள், அன்னத்தின் தூதுரை கேட்டு நிற்கும் தமயந்தி ஆகியோரின் உருவம் நம் நெஞ்சில் பதிந்தது அப்படங்களால்தான். அவற்றை வரைந்தவர் இராசா இரவிவர்மா என்பதைப் பலரும் அறிவர். அவ்வுருவங்களுக்குப் பின்னே விரியும் வானிலும் நீரிலும் வனத்திலும் அவர்தம் இளவலின் கைவண்ணமும் கலந்திருந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

இரவிவர்மா 1848 ஆம் ஆண்டு ஏப்ரல் 29 ஆம் நாள், திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் பிறந்தார். அன்னையார் உமா அம்பா பாய் கவி புனையும் ஆற்றல் வாய்ந்தவர். சிறுவன் சுவர்களில் கரித்துண்டால் விலங்குகளையும் பறவைகளையும் தீட்டுவான். ஓவியம் அறிந்த மாமன் இராசராசவர்மா அதைக் கண்டு வெகுளவில்லை, அருகழைத்துக் கற்பித்தார். ஆசிரியப் பணியில் இருந்த நாளில், சுவரில் கிறுக்கிய பிள்ளைகளை வகுப்பின் வெளியே நிறுத்திய நமக்கு, இதைப் படிக்குந்தோறும் சற்றே நாணம் உண்டாவது உண்மை.

1862 ஆம் ஆண்டில், 14 ஆம் வயதில், மாமன் அவரைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மன்னரிடம் சேர்ப்பித்தார். அக்காலத்தில் எண்ணெய் வண்ணம் தீட்டும் முறையை அங்கே நன்கறிந்தவர் அரண்மனை ஓவியரான இராமசாமி நாயுடு. அவர் கற்பிக்க மறுத்துவிட்டார். அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை என்பவர் மறைவாக வந்து சொல்லித் தந்தார் என்பர். 1868 இல் வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரோ, தாம் வரைவதை உடனிருந்து பார்ப்பதற்கு மட்டுமே இசைந்தார். பார்த்தே கற்றார் இரவிவர்மா. 1873 இல் வியன்னாக் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. 1876 இல் சென்னையில் வைக்கப்பட்ட சகுந்தலை ஓவியத்தைச் சென்னை மாகாண ஆளுநர் பக்கிங்காம் கோமகனே வாங்கிக்கொண்டார்.

தம்பி சி. இராசராசவர்மா 1860 இல் பிறந்தவர். தமையனுக்கு 12 ஆண்டு இளையவர். இயற்கைக் காட்சிகளைத் தீட்டுவதில் தனித்திறம் பெற்றவர். தமையனாருக்குக் கடிதம் எழுதுவதும், பயணங்களுக்கு ஒழுங்கு செய்வதும், ஓவியங்களின் பின்புலத்தைத் தீட்டுவதும் அவர் கடமைகளாயின. பரோடா மன்னர் சாயாசிராவ் கெயிக்வாட் 1888 இல் இதிகாச புராணங்களைப் பொருளாகக் கொண்ட 14 ஓவியங்கள் வேண்டியபோது, சகோதரர் இருவரும் வடநாடெங்கும் சுற்றினர். பழங்காலத்து மாந்தர் என்ன உடை உடுத்தியிருப்பர், எத்தகைய மலையடிவாரத்தில் வாழ்ந்திருப்பர் என்று தேடிக் கண்டு வந்த பின்னரே தூரிகையைத் தொட்டனர். புராண மாந்தர் நாம் காணும் மண்ணில் கால் ஊன்றி நிற்பதுபோல் தோன்றுவது இதனாலன்றோ!

சடாயுவின் சிறகை இராவணன் வெட்டி வீழ்த்தும் ஓவியத்தை நோக்குங்கள். நம் பதும புராண மரபில் சடாயு முனிவரிடம் விரதம் ஏற்ற பறவை. கதை சற்றே வேறுபடும். ஆயினும் அப்பறவை படும் துயரும், கண்ணை மூடிக்கொள்ளும் சீதையின் நிலையும் எம்மரபினரையும் கலங்கச் செய்வன.

அரண்மனைகளில் அடைபட்ட ஓவியங்களை அச்சிட்டுப் பொதுமக்களுக்கு வழங்கலாம் என்னும் கருத்தைத் திவான் மாதவராவ் முன்பே கூறியிருந்தார். 1894 இல் பம்பாயில் செருமானிய இயந்திரங்களோடு அச்சகம் தொடங்கிற்று. நிறம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கல். ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தே படம் முழுமை பெறும். கோயிலுள் நுழைய இடம் பெறாதோர் இல்லத்திலும் தெய்வ உருவங்கள் புகுந்தன. ஆனால் 1896 இல் பம்பாயில் பிளேக் நோய் பரவிற்று, கடனும் பெருகிற்று. 1899 இல் அச்சகம் லோணாவ்ளா அருகே மளவ்லிக்கு மாற்றப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அங்குப் பணியாற்றிய செருமானியர் சிலைசருக்கே விற்கப்பட்டது. பிற்காலத்தில் இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்பட்ட பால்கேயும் இவ்வச்சகத்தில் பணியாற்றியவரே.

இவ்வோவியங்கள் நாடகத்தன்மை மிக்கவை, மேனாட்டு முறையைப் பின்பற்றியவை என ஆனந்த குமாரசாமி முதலிய அறிஞர் குறை கூறினர். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் மக்கள் அவற்றைத் தம் சுவரினின்று இறக்கவில்லை.

1905 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இளவல் மறைந்தார். நீரிழிவால் தளர்ந்திருந்த தமையனார், மைசூர் மன்னருக்கென ஏற்ற 9 ஓவியங்களை 1906 இல் முடித்தார். அவற்றுள் ஒன்றில் இராமன் சினந்து கரையில் வில்லேந்தி நிற்கிறான். கொந்தளிக்கும் அலைகளினின்றும் வருணன் வெளிப்படுகிறான். கடலையும் வானையும் வழக்கமாக உடனிருந்து தீட்டும் தம்பி இல்லாத காலத்தில் நிறைவெய்திய கடல் அது. அவ்வாண்டே அக்டோபர் 2 ஆம் நாள், 58 ஆம் வயதில், கிளிமானூரில் இரவிவர்மா உயிர் நீத்தார்.

தம்பி ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த நாட்குறிப்பு 2005 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது.