நிவேதிதா அம்மையாரும் அவர் பழக்கிய தொண்டர்களும்

பாடசாலை நாட்களில் சகோதரி நிவேதிதாவைப் பற்றி நம்மிற் பலர் அறிந்திருந்தது மூன்று வசனங்களுக்கு மேற்படாது. அயர்லாந்திற் பிறந்தவர், சுவாமி விவேகானந்தரின் சிஷ்யை, இந்தியப் பெண்களின் கல்விக்காக உழைத்தவர். பேச்சுப் போட்டிக்கு அது போதுமாயிருந்தது. வெண்ணிற அங்கியும் உருத்திராக்க மாலையும் அணிந்த அந்தப் படத்தைக் கும்பிட்டுவிட்டு நாம் வகுப்புக்குப் போய்விடுவோம். ஆனால் படித்து வெளியேறி, சங்கமாகக் கூடி, வெள்ளத்துக்கும் புயலுக்கும் யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்தோருக்கும் நம்மால் இயன்றதைச் செய்ய முனைந்த காலங்களில், ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது. மனமிருக்கும் பிள்ளைகள் பலர். அவர்களைத் தொண்டர்களாகப் பழக்குவது எப்படி? அந்தக் கேள்வியோடு நிவேதிதாவின் வாழ்க்கையைப் படிக்கையில் படத்துக்குள் இருந்தவர் வேறொருவராகத் தெரிகிறார். நமது நூற்றாண்டு மலரில் அவரைப் பற்றி எழுதத் துணிந்ததும் அதனாலேயே.

மார்கரெட் எலிசபெத் நோபிள் 1867 ஒக்டோபர் 28 இல் அயர்லாந்தின் டங்கனன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சாமுவேல் நோபிள் கிறிஸ்தவ மதபோதகர். ஏழைகளின் வீடுகளுக்குப் போகும்போது மகளையும் கூட்டிச் செல்பவர். மகளுக்குப் பத்து வயதானபோது அவர் காலமானார். ஹலிபாக்ஸ் கல்லூரியிற் கற்ற மார்கரெட் பதினேழாவது வயதிலேயே ஆசிரியையானார். பெஸ்ரலோசி, புரோபெல் ஆகியோரின் கல்வி முறைகளைப் பயின்று, விம்பிள்டனிற் சொந்தமாக ஒரு பாடசாலையும் நடத்தினார். இந்தியாவுக்கு வரும்போது அவர் பக்தி மேலிட்ட ஓர் இளம்பெண் மட்டுமல்லர். பதின்மூன்று ஆண்டுகள் படிப்பித்த அனுபவம் உடையவர். இதனை வாழ்க்கை வரலாறு எழுதுவோர் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை.

1895 நவம்பரில் இலண்டனில் ஒரு வீட்டுக் கூட்டத்தில் விவேகானந்தரை முதன்முதலிற் கண்டார். கேட்டதையெல்லாம் உடனே ஏற்றுக்கொண்டவரல்லர். எதிர்த்துக் கேட்டார், வீட்டுக்குப் போய் யோசித்தார், மறுபடியும் வந்து கேட்டார். 1898 ஜனவரி 28 இல் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கினார். மார்ச் 17 இல் அன்னை சாரதாதேவியைத் தரிசித்தார். மார்ச் 25 இல் பிரமசரிய தீட்சை பெற்று, அர்ப்பணிக்கப்பட்டவள் எனப் பொருள்படும் நிவேதிதா என்னும் நாமத்தை ஏற்றார்.

பெயர் ஒரு நாளில் மாறியது. மனம் மாறக் காலம் எடுத்தது. அந்த வேனிற்காலத்தில் அல்மோராவில் விவேகானந்தர் அவரை மிகக் கடுமையாகப் பழக்கினார். ஆங்கிலேயரின் ஆட்சியையும் பழக்கவழக்கங்களையும் உயர்வாகக் கருதும் எண்ணம் நிவேதிதாவிடம் வேரூன்றியிருந்தது. குரு அதை விட்டுவைக்கவில்லை. வாக்குவாதங்களும் மனத்தாங்கலும் கண்ணீரும் நிறைந்த வாரங்கள் அவை. சேவை செய்ய வந்தவர் சேவை பெறுவோரை விடத் தாம் உயர்ந்தவர் என்று எண்ணிக்கொண்டு வந்தால் அந்தச் சேவையிற் பயனில்லை என்பதை நிவேதிதா முதலிற் கற்றது தம்மிடத்திலேயே. பிற்காலத்தில் அவர் கல்கத்தா இளைஞரிடம் களைய முயன்ற உயர்வு மனப்பான்மை அவருக்கு நன்கு பழக்கமானதுதான்.

அவர் வந்த ஆண்டிலேயே கல்கத்தாவிற் பிளேக் நோய் தோன்றியது. நோயை விட, வீடு புகுந்து பரிசோதிப்பார்கள், பிரித்துக் கொண்டுபோவார்கள் என்ற பயத்தினாலேயே சனங்கள் நகரை விட்டு ஓடினர். டார்ஜிலிங்கில் ஓய்வெடுத்துக் கொண்டிருந்த விவேகானந்தர் மே 3 இல் திரும்பி வந்து, வங்காளியிலும் ஹிந்தியிலும் துண்டுப்பிரசுரங்கள் அச்சிடுவித்தார். பணத்துக்கு என்ன வழி என்று கேட்டபோது, மடத்துக்கெனப் புதிதாக வாங்கிய காணியையே விற்றுவிடவும் அவர் ஆயத்தமாயிருந்தார். அம்முறை நோய் பெரிதாகப் பரவாமல் அடங்கியது. மறு வருடம் அப்படி அடங்கவில்லை.

1899 மார்ச் 31 இல் இராமகிருஷ்ண மிஷன் பிளேக் நிவாரண வேலையைத் தொடங்கியது. நிவேதிதா செயலாளர். சுவாமி சதானந்தர் களத்துக்குப் பொறுப்பானவர். வேலை நடந்த இடங்கள் பாக்பசார், சியாம்பசார்ப் பகுதிகளின் சேரிகள். வேலையோ குப்பை அள்ளுவது, அடைபட்ட வடிகால்களைத் திறப்பது, குடிசைகளுக்குக் கிருமிநாசினி தெளிப்பது. சதானந்தர் தோட்டித் தொழிலாளரை அழைத்துக்கொண்டு அவர்களோடு தாமும் நின்று வேலை செய்தார். அக்காலக் கல்கத்தாவில் உயர்குலத்தவர் எனப்பட்டோர் மிதிக்கவும் கூசிய ஒழுங்கைகள் அவை. காவி உடுத்த ஒருவர் அங்கே நிற்பதே பலருக்கு அதிர்ச்சி.

ஏப்ரலில் கிளாசிக் நாடக அரங்கில், விவேகானந்தர் தலைமை தாங்க, பிளேக்கும் மாணவரின் கடமையும் என்ற பொருளில் நிவேதிதா பேசினார். பேச்சின் முடிவிற் தொண்டர்களாகப் பெயர் கொடுத்த மாணவர் ஏறக்குறைய பதினைந்து பேர். அரங்கில் இருந்த கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. கைதட்டுவோருக்கும் கைகொடுப்போருக்கும் உள்ள விகிதம் நம் காலத்திலும் அவ்வளவு மாறிவிடவில்லை! ஆனால் நிவேதிதா அந்தப் பதினைந்து பேரை வைத்தே வேலையை ஒழுங்கு செய்தார். அவர்கள் வீடு வீடாகச் சென்று சுகாதாரப் பிரசுரங்களைக் கொடுத்து, வாசிக்கத் தெரியாதோருக்கு விளங்கப்படுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளிற் கூடி, பார்த்ததையும் செய்ததையும் அறிக்கையாகச் சொல்ல வேண்டும். பின்பு அடுத்த வாரத்துக்கான வேலை பிரித்துக் கொடுக்கப்படும். வகுப்பறையிற் பழகிய கை இதிலே தெரிகிறது. ஆர்வம் ஒரு கிழமையில் வடிந்துவிடும் என்பதை அறிந்த ஆசிரியைதான் ஞாயிறு தோறும் கணக்குக் கேட்பாள்.

ஒருநாள் வேலைக்கு ஆள் போதவில்லை. நிவேதிதா எவரையும் கடிந்துகொள்ளவில்லை. விளக்குமாற்றை எடுத்துத் தாமே தெருவைக் கூட்டத் தொடங்கினார். வெள்ளைக்கார அம்மையார் ஒருவர் தங்கள் ஒழுங்கையைக் கூட்டுவதைக் கண்ட அவ்வூர் இளைஞர் வெட்கமடைந்து விளக்குமாறுகளை ஏற்றுக்கொண்டனர். இந்தச் சம்பவம் எல்லாப் புத்தகங்களிலும் உள்ளது. இதை விட நம் நெஞ்சைத் தொடுவது, பிரபல வைத்தியர் ராதாகோவிந்த கர் எழுதிவைத்த இன்னொரு செய்தி.

அவர் காலையில் ஒரு சேரியிற் பிளேக் கண்ட குழந்தையைப் பார்த்துவிட்டு நண்பகலில் வீடு திரும்பியபோது, வாசலில் நிவேதிதா காத்திருந்தார். குழந்தையின் நிலையைக் கேட்டறிந்தார். பிழைக்காது என்பதையும், அந்த இடத்தில் எவ்வளவு அவதானமாக இருக்க வேண்டும் என்பதையும் வைத்தியர் எடுத்துரைத்தார். பின்னேரம் மறுபடியும் அங்கே போனவர் கண்டது, ஈரம் கசியும் அந்தக் குடிசையிற் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த நிவேதிதாவை. அதன் தாய் ஏற்கெனவே இறந்துவிட்டாள். இரவு பகலாக அங்கேயே தங்கினார். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தபோது ஏணி வைத்து ஏறித் தாமே அடித்தார். இரண்டு நாட்களில் குழந்தை அவரை அம்மா என்று எண்ணிக்கொண்டே அவர் கையில் உயிர் விட்டது.

குழந்தை பிழைக்கவில்லை. வாழ்க்கை வரலாறுகள் பலவற்றில் இந்த இடத்தில் ஓர் அற்புதம் நிகழ்ந்திருக்கும். இங்கே அது நிகழவில்லை. அதனால் அந்த இரண்டு நாட்களும் வீணாயின என்று நம்மில் எவரும் சொல்லமாட்டோம்.

அவ்வாண்டு ஜூன் 20 இல் விவேகானந்தர், துரியானந்தர், நிவேதிதா மூவரும் கோல்கொண்டா என்னும் கப்பலில் மேனாடு புறப்பட்டனர். பிளேக் நகரிலிருந்து வரும் கப்பல் என்பதால் சென்னையிற் சுவாமிகள் கரையிறங்க அனுமதிக்கப்படவில்லை. கரையிலே திரண்ட அன்பர்கள் ஏமாந்தனர். நோயைத் துரத்தப் பாடுபட்டவரை நோயின் பெயராலேயே தடுத்தார்கள். அடுத்த துறை நமது கொழும்பு. 1897 ஜனவரியிற் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பெரு வரவேற்புப் பெற்ற சுவாமிகள் இம்முறை இங்கே பொன்னம்பலம் அருணாசலம் முதலிய அன்பர்களைச் சந்தித்தார். ஹிகின்ஸ் அம்மையார் பௌத்த சிறுமியருக்காக நடத்திய விடுதிப் பாடசாலையையும் பார்வையிட்டார்.

நிவேதிதாவின் சொந்தப் பாடசாலை அதற்கு முந்திய ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 1898 நவம்பர் 13, காளி பூசை நாளில், பாக்பசாரின் போஸ்பாரா ஒழுங்கையில் அன்னை சாரதாதேவி அதனைத் தொடக்கி வைத்தார். பிள்ளைகளைச் சேர்க்க வீட்டு வீடாய்ப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. வெளியே அனுப்பத் தயங்கிய பெற்றோர், இளம் வயதிற் திருமணமானவர்கள், விதவையான சிறுமியர் என்று அவரது மாணவியர் உலகம் வேறு. பணமோ எப்போதும் பற்றாக்குறை. மேனாட்டுப் பயணமே பெரும்பாலும் பாடசாலைக்கு நிதி திரட்டுவதற்காகத்தான். பின்னர் அமெரிக்காவிலிருந்து வந்த சகோதரி கிறிஸ்டினும், வங்கப் பெண்மணியான சுதீராவும் துணை நின்றிராவிட்டால் அது நிலைத்திருக்குமா என்பது ஐயமே. தையல், ஓவியம், களிமண் வேலை ஆகியன எழுத்தோடும் கணக்கோடும் கற்பிக்கப்பட்டன. குடும்பப் பெண்களுக்கும் தனி வகுப்பு நடந்தது.

1902 ஜூலை 4 இல் விவேகானந்தர் சமாதியடைந்தார். இரண்டு வாரங்களில் நிவேதிதா முன் ஒரு கடினமான முடிவு நின்றது. நாட்டு விடுதலை பற்றிப் பேசாதிருக்க அவரால் இயலாது. மிஷனோ அரசியலில் ஈடுபடாது என்பது அதன் விதி. அவர் பேசினால் ஆட்சியாளரின் கண் மடத்தின் மீது விழும். ஜூலை 18 இல் மிஷனுடனான அதிகாரபூர்வத் தொடர்பை அவர் விலக்கிக்கொண்டார். இரு தரப்பிலும் கசப்பில்லை. சாரதாதேவியின் அன்பு கடைசி வரை குறையவில்லை. ஆயினும் தமது குரு நிறுவிய இல்லத்தின் பெயரை விட்டு நிற்பது எளிதாக இருந்திருக்காது.

அதன் பின் அவர் இளைஞர்களைப் பழக்கும் பணியிலே முழுமூச்சாக இறங்கினார். சதீஷ் சந்திர முகர்ஜியின் டோன் சங்கத்தில் விரிவுரைகள் நிகழ்த்தினார். தம்மிடமிருந்த புத்தகங்களை அனுசீலன் சமிதி இளைஞருக்குக் கொடுத்தார். சதானந்தரின் துணையோடு மாணவர் குழுக்கள் இமயமலைக்கு யாத்திரை போக வழி செய்தார். தாகூரின் மகன் ரதீந்திரநாத்தும் அப்படிப் போனவர்களில் ஒருவர். நாட்டைக் காலால் நடந்து பாராதவன் நாட்டுக்குத் தொண்டு செய்ய இயலாது என்பது அவரது கொள்கை. பாடசாலையில் சிறுமியரும் விலக்கப்படவில்லை. வந்தே மாதரம் பாடுவது குற்றமாகக் கருதப்பட்ட நாட்களில் அது அங்கே பாடப்பட்டது. அவர் வரைந்த வஜ்ஜிராயுதக் கொடியை மாணவியர் துணியிற் தைத்தார்கள்.

1906 இற் கிழக்கு வங்கத்தில் வெள்ளமும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. நிவேதிதா பரிசால் பகுதிக்குப் போய், நீர் சூழ்ந்த கிராமங்களைப் படகிற் சென்று பார்த்தார். அங்கே அசுவினிகுமார் தத்தரும் அவரது தொண்டர்களும் நிவாரணத்தை நடத்திய முறை அவரை மிகவும் கவர்ந்தது. கண்டவற்றைக் கட்டுரைகளாக எழுதினார். திரும்பியதும் மலேரியாக் காய்ச்சலில் விழுந்தார். அதன் பின் அவரது தேகநிலை முன்போல் இருக்கவில்லை.

காங்கிரஸ் மகாசபைக்குப் போன சுப்பிரமணிய பாரதியார் கல்கத்தாவுக்கு அருகே அவரைச் சந்தித்ததும், மனைவியை ஏன் கூட்டி வரவில்லை என்று அவர் கேட்டதும் தமிழர் அறிந்த கதை. 1908 இல் வெளிவந்த ஸ்வதேச கீதங்களையும் அடுத்த ஆண்டின் ஜன்ம பூமியையும் பாரதியார் அவருக்கே சமர்ப்பித்தார். ஒரே ஒரு சந்திப்பு! இளைஞர்களைப் பழக்கும் அவரது ஆற்றலுக்கு இதனிலும் பெரிய சான்று தேவையில்லை.

அவரிடம் நாம் உடன்படாத இடமும் உண்டு. 1904 இல் எழுதிய இந்திய வாழ்வு பற்றிய நூலில் நமது குடும்ப வழக்கங்களை அவர் அளவுக்கு மீறி அழகுபடுத்திவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. அந்த வழக்கங்களாற் துன்புற்ற சிறுமியர் அவரது வகுப்பறையிலேயே அமர்ந்திருந்தனர். இந்தியாவை இழிவாக எழுதியோருக்கு மறுமொழி சொல்லும் வேகத்தில் எழுதியது என்று நாம் அதைப் புரிந்துகொள்ளலாம்.

1911 ஒக்டோபர் 13 இல், விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் தம்பதியர் அருகிருக்க, டார்ஜிலிங்கில் நிவேதிதா காலமானார். நாற்பத்து நான்கு வயது நிறைய இரண்டு வாரங்கள் இருந்தன. தம்மிடமிருந்த பணத்தையும் நூல்களின் வருவாயையும் பெண்களின் கல்விக்கென எழுதிவைத்திருந்தார். முடிக்காமல் விட்டுச்சென்ற புராணக் கதைகள் பற்றிய நூலை நமது கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி நிறைவு செய்ய, அது 1913 இல் வெளிவந்தது.

பாடசாலையைச் சுதீரா தொடர்ந்து நடத்தினார். அங்கே படித்த சரளா என்ற மாணவி, இளம் வயதிற் செய்துவைக்கப்பட்ட திருமண வாழ்வை ஏற்காமல், சுதீராவின் துணையோடு வீட்டை விட்டு வந்து, டஃபரின் சீமாட்டி வைத்தியசாலையில் தாதிப் பயிற்சி பெற்றார். 1920 இல் அன்னை சாரதாதேவி நோயுற்றிருந்தபோது அருகிருந்து பணிவிடை செய்தவர் அவரே. 1954 இற் பெண் துறவியருக்கெனச் சாரதா மடம் தனியாக நிறுவப்பட்டபோது, பிரவ்ராஜிகா பாரதீபிராணா என்ற பெயருடன் அதன் முதல் தலைவியாக அமர்ந்தவரும் அந்தச் சரளாதான்.