இரு கரையிலும் நண்பர்கள்

நுழையும்முன்

அயல்நாட்டுப் போரில் எதிரி எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறார். உள்நாட்டுப் போரிலோ அவர் அடுத்த தெருவைச் சேர்ந்தவர். சில வேளைகளில் ஒரே வீட்டைச் சேர்ந்தவர். 1936 முதல் 1939 வரை ஸ்பெயினில் நடந்த போர் அத்தகையது. அப்போரின் இரு தரப்பிலும் தமக்கு வேண்டியவர்களைக் கொண்டிருந்த ஓர் இளங்கவிஞரின் வாழ்க்கை இது.

அடுமனைத் தோழமை

ஸ்பெயினின் தென்கிழக்குப் பகுதியில் உள்ளது ஒரிவேலா என்னும் சிற்றூர். அங்கே ஆடு வளர்த்துப் பால் விற்ற குடும்பத்தில் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் மிகெல் எர்னாண்டெஸ் பிறந்தார். இயேசு சபையினரின் பள்ளியில் சிறப்பாகப் பயின்றுவந்த அவரை, பதினைந்து வயது நிறையும் முன்பே தந்தை படிப்பிலிருந்து நிறுத்தி ஆட்டுமந்தையின் பின்னே அனுப்பினார். மலைச்சரிவில் ஆடுகள் மேயும். அவர் கையில் நூல் இருக்கும்.

கல்வியை இழந்த இளைஞருக்கு நட்பு கைகொடுத்தது. கார்லோஸ் பெனோல் என்னும் இளைஞரின் குடும்ப அடுமனையில் இலக்கிய ஆர்வலர்கள் கூடுவர். ரொட்டி வேகும் மணத்தினிடையே கவிதைகள் படிக்கப்படும். அக்கூட்டத்தின் அறிவொளியாக விளங்கியவர் ரமோன் சிஹே. எர்னாண்டெஸைவிட மூன்று வயது இளையவர், சட்டம் பயின்றவர், ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றாளர். எதைப் படிக்க வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும் என்று அவரே ஆட்டிடையருக்கு வழிகாட்டினார். 1933இல் வெளிவந்த எர்னாண்டெஸின் முதல் நூலை அச்சிட, லூயிஸ் அல்மார்ச்சா என்னும் பாதிரியார் பொருளுதவி செய்தார்.

பிரிந்த பாதைகள்

பிழைப்புத் தேடி மாட்ரிட் சென்ற எர்னாண்டெஸுக்கு அறிஞர் கோசியோ வேலை கொடுத்தார். காளைப்போர் பற்றி அவர் உருவாக்கிவந்த பெருங்கலைக்களஞ்சியத்திற்குக் குறிப்புகள் திரட்டும் பணி அது. சிலி நாட்டுத் தூதரகப் பணியில் அங்கிருந்த கவிஞர் பாப்லோ நெரூதாவும் நண்பரானார். நெரூதாவின் நட்பு எர்னாண்டெஸை இடதுசாரிச் சிந்தனைக்கு அழைத்துச் சென்றது. சமயப் பற்றிலிருந்து அவர் விலகினார். ஊரிலிருந்த சிஹேவுக்கு இது பெருவருத்தம் தந்தது. மடல்களில் கசப்பு ஏறியது. போர் மூள்வதற்கு முன்பே அதன் பிளவு இந்த இரு நண்பர்களுக்கிடையே விழுந்துவிட்டது என்றே கூற வேண்டும்.

மனத்தாங்கல் தீரவில்லை. 1935ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், திடீர் நோயால் சிஹே இறந்தார். அவருக்கு வயது 22. மாட்ரிட்டில் இச்செய்தியை அறிந்த எர்னாண்டெஸ் ஓர் இரங்கற்பா எழுதினார். ஸ்பானிய மொழியின் தலைசிறந்த கையறுநிலைக் கவிதைகளுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. 1936 ஏப்ரலில் ஒரிவேலாவின் சதுக்கம் ஒன்றுக்குச் சிஹேவின் பெயர் சூட்டப்பட்டபோது, ஏணியொன்றின் மீது ஏறி நின்று எர்னாண்டெஸ் நண்பருக்குப் புகழுரை வாசித்தார்.

போரும் திருமணமும்

மூன்று மாதங்களில், குடியரசு அரசுக்கு எதிராகப் படைத்தலைவர்கள் கிளர்ந்தனர்; போர் மூண்டது. எர்னாண்டெஸ் காதலித்த ஹோசெபினா மன்ரேசா தையல் வேலை செய்துவந்தவர். அவருடைய தந்தை சிவில் காவல் படை வீரர். ஆகஸ்டு மாதம், குடியரசின் சார்பில் ஆயுதம் ஏந்திய குழுவினர் எல்டா நகரில் அவரைக் கொன்றனர். அடுத்த மாதமே எர்னாண்டெஸ் அதே குடியரசின் படையில் தன்னார்வ வீரராகச் சேர்ந்தார்.

தந்தையைக் கொன்றவர்கள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலேயே காதலரும் நிற்கிறார். ஹோசெபினாவின் நிலை எத்தகைய துயரமாக இருந்திருக்கும்! ஆயினும் 1937 மார்ச் 9ஆம் நாள் இருவரும் மணம் புரிந்தனர்.

படையில் முதலில் பதுங்குகுழி வெட்டிய எர்னாண்டெஸ், பின்னர் போர்முனைகளில் வீரர்களிடையே கவிதை படித்தார். 1937 டிசம்பரில் பிறந்த முதல் மகன் பத்து மாதங்களில் இறந்தான். 1939 ஜனவரியில் இரண்டாம் மகன் பிறந்தான். சில மாதங்களில் குடியரசு வீழ்ந்து, பிராங்கோவின் ஆட்சி அமைந்தது.

சிறைவாசம்

போர்ச்சுகலுக்குத் தப்ப முயன்றவரை அந்நாட்டுக் காவலர் பிடித்து ஸ்பெயினிடமே ஒப்படைத்தனர். மாட்ரிட் சிறையில் இருந்தபோது, உண்ண ரொட்டியும் வெங்காயமும் மட்டுமே உள்ளன என்று மனைவி எழுதிய மடல் வந்தது. பால்குடி மறவாத மகனை எண்ணி அவர் இயற்றிய வெங்காயத் தாலாட்டு, இன்று உலகறிந்த கவிதை.

எதிர்பாராத வகையில் 1939 செப்டம்பரில் விடுதலை கிடைத்தது. அப்போது அவர் நாட்டை விட்டு வெளியேறியிருக்கலாம். அவரோ மனைவியையும் மகனையும் காண ஊர் திரும்பினார். செப்டம்பர் 29 அவருடைய பெயர்த் திருநாள். அன்று அவர் சென்றது மறைந்த நண்பர் சிஹேவின் பெற்றோர் இல்லத்திற்கு. அவ்வீட்டிலிருந்து வெளியே வந்தவரைக் கைது செய்தனர். அவரை நன்கறிந்த ஊரே அவரைச் சிறைக்கு அனுப்பியது.

1940 ஜனவரியில் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. கோசியோவும், வென்ற தரப்பைச் சேர்ந்த எழுத்தாளர் சிலரும் அவருக்காகப் பரிந்து பேசினர். தண்டனை 30 ஆண்டுச் சிறையாகக் குறைந்தது. கொள்கையைக் கைவிட்டால் சலுகை கிடைக்கும் என்று கூறப்பட்டபோது அவர் மறுத்துவிட்டார். சிறைக்குச் சிறை மாற்றப்பட்டு, இறுதியில் அலிகாந்தே சிறையில் காசநோய்க்கு ஆளானார்.

அவர்களுடைய பதிவுத் திருமணத்தைப் புதிய அரசு ஏற்கவில்லை. எனவே, மனைவிக்குச் சட்டப்படியான உரிமை கிடைக்கட்டும் என்று, 1942 மார்ச் 4ஆம் நாள் சிறை மருத்துவமனையில் படுத்த நிலையிலேயே சமய முறைப்படி ஹோசெபினாவை மீண்டும் மணந்தார். காசநோய் மருத்துவமனைக்கு மாற்ற அனுமதி வந்தபோது அவரை இடம் மாற்ற இயலாத நிலை. மார்ச் 28ஆம் நாள் விடியற்காலையில் உயிர் பிரிந்தது. வயது 31.

போரின் முடிவில் வாலென்சியாவில் அச்சாகிக்கொண்டிருந்த அவருடைய கவிதை நூலை வென்ற படையினர் அழித்தனர். ஆயினும் அச்சிட்ட தாள்களின் படி ஒன்று கோசியோவின் இல்ல நூலகத்தில் பத்திரமாக இருந்தது. 1981ஆம் ஆண்டு அந்நூல் வெளிவந்தது.