ஜியோட்டோ: ஓவியத்தில் மனிதர்களை அழ வைத்தவர்

1986 மார்ச்சில் ஹாலி வால் நட்சத்திரத்தை சுமார் 600 கி.மீ. தூரத்தில் ஒரு விண்கலம் கடந்துபோனது. ஐரோப்பிய விண்வெளி முகமை அனுப்பிய அதன் பெயர் ஜியோட்டோ. விண்கலத்துக்கு எதுக்கு 700 வருஷத்துக்கு முந்தைய ஓர் ஓவியரின் பெயர்?

1301-ல் ஹாலி வானத்தில் தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இத்தாலியின் பதுவா நகரில் ஒரு சிற்றாலயச் சுவரில் குழந்தை இயேசுவை ஞானிகள் வணங்கும் காட்சியைத் தீட்டிய ஜியோட்டோ, பெத்லகேம் நட்சத்திரத்தை வழக்கமான நட்சத்திரமாக வரையவில்லை. நெருப்பு வாலோடு பாயும் வால் நட்சத்திரமாக வரைந்தார். கண்ணால் பார்த்ததையே வரைந்தார் என்று பலரும் நம்புகிறார்கள். அவருடைய மொத்த வேலையையும் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும்.

யார் இந்த ஜியோட்டோ?

முழுப்பெயர் ஜியோட்டோ தி போந்தோனே. பிறந்த ஆண்டு 1267 என்று ஒரு கணக்கு, 1276 என்று இன்னொரு கணக்கு. ஆடு மேய்த்த சிறுவன் பாறையில் ஆடு வரைந்துகொண்டிருந்ததை சிமாபுவே என்ற பெரிய ஓவியர் பார்த்து, சீடனாக அழைத்துப் போனார் என்று ஒரு கதை உண்டு. போப்பின் தூதர் திறமைக்கு சாம்பிள் கேட்டபோது, ஒரே வீச்சில் கச்சிதமான வட்டம் போட்டுக் கொடுத்தார் என்பது இன்னொன்று. செம கதைகள்தான். ஆனா இரண்டையும் பிரபலமாக்கிய வசாரியின் புத்தகம் வந்தது 1550-ல், ஜியோட்டோ இறந்து 200 வருஷத்துக்கும் பிறகு. அதனால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

அவர் காலத்து இத்தாலிய ஓவியங்களில் பைசாந்திய பாணிதான் ஓங்கியிருந்தது. தங்கப் பின்னணி, தட்டையான உடல், எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே முகம். கும்பிட வேண்டிய படம், அவ்வளவுதான். அதில் இருப்பவருக்கு வலிக்குமா என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

பதுவாவில் என்ன செய்தார்?

அந்தச் சிற்றாலயத்தைக் கட்டியவர் என்ரிக்கோ ஸ்க்ரோவெஞ்ஞி, பெரும் பணக்காரர். அவருடைய அப்பா ரெஜினால்டோ வட்டித் தொழிலுக்குப் பேர்போனவர். தன் காவியத்தில் தாந்தே அவரை நரகத்திலேயே உட்கார வைத்துவிட்டார். குடும்பப் பாவத்தைக் கழுவத்தான் மகன் ஆலயம் கட்டினார் என்று சொல்வார்கள். பக்கத்து மடத்துத் துறவிகளோ, கட்டடம் ரொம்ப ஆடம்பரமாக இருக்கிறது என்று 1305-ல் புகார் கொடுத்தார்கள். இறுதித் தீர்ப்பு ஓவியத்தில், ஆலயத்தின் மாதிரியை மரியாளுக்குக் காணிக்கையாகத் தரும் என்ரிக்கோ, பாக்கியவான்கள் பக்கத்தில் இருக்கிறார்! பக்தியா, இன்றைய பாஷையில் பிஆர் வேலையா? எனக்கென்னவோ இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

அந்தப் பணத்தில் ஜியோட்டோ செய்தது வேறு லெவல். இறந்த இயேசுவைச் சுற்றி அழும் காட்சியை எடுத்துக்கொள்வோம். மரியாள் மகனைக் கைகளில் ஏந்தி, முகத்தோடு முகம் வைத்துப் பார்க்கிறார். யோவான் கைகளைப் பின்னால் விரித்துக் கதறுகிறார். வானத்தில் தேவதூதர்களும் தேம்பி அழுகிறார்கள். ஒரு பாறைச் சரிவு நம் கண்ணை நேராக அந்த இரண்டு முகங்களுக்கு இழுத்து வருகிறது. முன்னால் இரண்டு பேர் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். முகமே தெரியாத ஆட்களைப் புனிதமான படத்தின் முன்வரிசையில் வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! சினிமாவில் ஒருவரின் தோளுக்குப் பின்னால் கேமரா வைப்பார்களே, அதே வேலைதான். நாமும் அந்தத் துக்க வீட்டுக் கூட்டத்தில் ஓர் ஆளாகிவிடுகிறோம்.

இது ஃப்ரெஸ்கோ முறை. ஈரமான சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வண்ணம் தீட்ட வேண்டும். அதனால் அன்றன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் சுவரில் பூசுவார்கள். விலை உயர்ந்த நீல நிறத்தை மட்டும் காய்ந்த பிறகு பூசினார்கள். அதுதான் இன்று பல இடங்களில் உதிர்ந்து கிடக்கிறது.

அப்புறம்?

1334-ல் ஃப்ளாரன்ஸ் நகரம் அவரைப் பேராலயக் கட்டுமானத்தின் தலைவராக்கியது. இன்றும் அவர் பெயரில் நிற்கும் மணிக்கோபுரத்தைத் தொடங்கி, முடிவதற்கு முன்பே 1337-ல் இறந்தார். 1348-ல் வந்த பிளேக் அந்த நகரத்தையே காலி செய்தது. ஜியோட்டோ போட்ட பாதையில் அடுத்த பெரிய அடியை எடுத்துவைத்தவர் மசாச்சோ, அதுவும் 1420-களில். எடையுள்ள உடல், தரையில் விழும் நிழல் என்று அவர் தொடர்ந்தார். அதற்கும் பிறகு, இளைஞராக இருந்த மைக்கேலாஞ்சலோ சாந்தா க்ரோச்சே ஆலயத்தில் ஜியோட்டோவின் சுவர் ஓவியத்தைப் பார்த்து வரைந்து பழகினார். அந்தத் தாள் இப்போது பாரிஸின் லூவரில் இருக்கிறது.

மைக்கேலாஞ்சலோ பார்த்துப் படித்த அதே ஓவியங்கள் மேல் பின்னால் வெள்ளையடித்துவிட்டார்கள் என்பதுதான் கொடுமை. 19-ம் நூற்றாண்டில்தான் சுரண்டி வெளியே எடுத்தார்கள்.

பதுவாவுக்கு ஆபத்து வானத்திலிருந்து வந்தது. 1944 மார்ச் 11 குண்டுவீச்சில் பக்கத்திலேயே இருந்த எரெமிதானி தேவாலயம் சிதறியது. அங்கிருந்த மாந்தெஞ்ஞாவின் சுவர் ஓவியங்கள் பெரும்பாலும் தூளாகின. ஜியோட்டோவின் சுவர்கள் தப்பின. 2021-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தன.

இப்போது போய்ப் பார்க்க முன்பதிவு வேண்டும். ஈரப்பதம் உள்ளே போகாமலிருக்க, முதலில் ஒரு கண்ணாடி அறையில் காத்திருக்க வேண்டும். பிறகு சிறு குழுவாகத்தான் அனுமதி, வழக்கமாக 15 நிமிடம்.